ஆய்விதழ்க் கட்டுரையை மேற்கோள் காட்டுவது எப்படி? முதன்முறை எழுதுகிறவர்களுக்கு

1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழின் கடிதப் பகுதியில் ஒரு சிறு கடிதம் வந்தது. மொத்தமே ஐந்து வாக்கியங்கள். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர்களில் 11,882 பேருக்கு ஓபியம் வகை வலிநிவாரணி ஒருமுறையாவது தரப்பட்டது, முன்பு போதைப் பழக்கம் இல்லாதவர்களில் நான்கு பேர்தான் அதற்கு அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அந்தக் கடிதம். எத்தனை நாள் கொடுத்தார்கள், வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆனது என்பதெல்லாம் அதில் கிடையாது. 2017இல் அதே இதழில் சில ஆய்வாளர்கள் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அதற்குள் அந்தக் கடிதத்தை 608 வெளியீடுகள் மேற்கோள் காட்டியிருந்தன. அவற்றில் 72 விழுக்காடு, 'இந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது' என்பதற்குச் சான்றாகவே அதைக் காட்டின. அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்ற விவரத்தை 80 விழுக்காட்டுக்கு மேல் சொல்லவே இல்லை. வட அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடி (ஓபியம் வகை மருந்துகளுக்கு மக்கள் அடிமையாகும் சிக்கல்) வளர்ந்ததில் இந்த மேற்கோள்களுக்கும் பங்கு உண்டு என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

அத்தனை பேரும் இதழின் பெயரையும் தொகுதி எண்ணையும் சரியாகவே எழுதியிருக்கலாம். கடிதம் சொல்லாத ஒன்றை அது சொன்னதாகக் காட்டியதில்தான் கோளாறு. அதனால்தான் காற்புள்ளி, அடைப்புக்குறியிலிருந்து தொடங்காமல் இங்கிருந்து தொடங்குகிறேன். மேற்கோள் என்பது வாசகருக்கு நாம் தரும் முகவரி. 'என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், இங்கே போய்ப் பாருங்கள்' என்கிறோம். போகிறவருக்கு வீடு அகப்பட வேண்டும், நாம் சொன்ன ஆளும் அந்த வீட்டில் இருக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

எதற்கு மேற்கோள் வேண்டும்?

உங்கள் சோதனையில் கிடைக்காத எந்த முடிவுக்கும், எண்ணுக்கும், முறைக்கும், படத்துக்கும் வேண்டும். துறைக்குள் வந்த எல்லாருக்கும் தெரிந்த செய்திக்கு வேண்டியதில்லை. டிஎன்ஏ இரட்டைச் சுருள் வடிவம் கொண்டது என்று சொல்ல யாரையும் சுட்ட வேண்டாம். அந்தக் கண்டுபிடிப்பின் வரலாற்றையே பேசுகிறீர்கள் என்றால், 1953இல் வாட்சனும் கிரிக்கும் 'நேச்சர்' இதழில் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரையைச் சுட்டத்தான் வேண்டும். சந்தேகமாக இருந்தால் போட்டுவிடுங்கள். கூடுதலாக ஒன்று இருந்தால் நெறியாளர் எடுக்கச் சொல்வார், அவ்வளவுதான். இல்லாமல் போனால் கருத்துத் திருட்டு என்ற கேள்வி வரும்.

சொந்த நடையில் மாற்றி எழுதிவிட்டால் மேற்கோள் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். கருத்து பிறருடையது என்றால், நடை யாருடையதாக இருந்தாலும் மேற்கோள் வேண்டும். அதேபோல, மேற்கோள் போட்டாயிற்றே என்று மூல வாக்கியத்தை அப்படியே எடுத்து இரண்டு சொல்லை மட்டும் மாற்றி வைப்பதும் கூடாது. எனக்குக் கைகொடுக்கும் வழி ஒன்று உண்டு. பத்தியைப் படித்து முடித்ததும் பிடிஎஃப்பை மூடிவிடுவேன். புரிந்ததை என் குறிப்பில் எழுதுவேன். அப்புறம் திறந்து, எண்களும் பொருளும் சரியா என்று ஒப்பிடுவேன். மூடாமல் எழுதினால் மூலத்தின் வாக்கியம் கையைப் பிடித்து இழுக்கும்.

மூலக் கட்டுரையைக் கையில் எடுங்கள்

நீங்கள் படிக்கும் கட்டுரையில் 'இன்னார் இப்படிக் கண்டார்' என்று ஒரு வரி வருகிறது. அது உங்களுக்குத் தேவைப்படுகிறது. அந்த வரியையும் அதன் மேற்கோளையும் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்ளத் தோன்றும். செய்யாதீர்கள். இன்னாருடைய கட்டுரையைத் தேடி எடுத்து, அந்த முடிவு எந்தப் பக்கத்தில், எந்த அட்டவணையில் இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள்.

பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இன்னொரு கதை. ஒரு பெரிய பதிப்பகம், கட்டுரை அனுப்புகிறவர்களுக்கான மாதிரிப் படிவத்தில், கடைசியில் வரும் மேற்கோள் பட்டியல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்ட ஒரு கற்பனைக் கட்டுரையைப் போட்டிருந்தது. 'அறிவியல் கட்டுரை எழுதும் கலை' என்ற பொருளில் தலைப்பு, ஆண்டு 2000. அப்படி ஒரு கட்டுரையும் இல்லை, அந்த இதழும் இல்லை. ஆனாலும் அது நூற்றுக்கணக்கான வெளியீடுகளின் பட்டியலில் இடம்பிடித்தது. மாதிரி வரியை அழிக்க மறந்தவர்கள் இருந்திருப்பார்கள். இல்லாத கட்டுரையைச் சான்றாகவே காட்டியவர்களும் உண்டு.

இப்போது இதே ஆபத்து வேறு வாசல் வழியாக வருகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் மேற்கோள் கேட்டால், உண்மையான இதழ்ப் பெயர், நம்பும்படியான ஆசிரியர்கள், பொருத்தமான தலைப்பு எல்லாம் சேர்த்து, இல்லாத கட்டுரையைச் சில நேரம் தந்துவிடும். டிஓஐ என்ற அடையாள எண்கூடத் தரும். அந்த எண் ஒன்று திறக்காது, இல்லையென்றால் சம்பந்தமில்லாத வேறு கட்டுரைக்குப் போகும். தேடலுக்கு உதவியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் நீங்களே திறந்து படிக்காத எதுவும் பட்டியலுக்குள் வரக் கூடாது.

மூலம் கட்டணச் சுவருக்குப் பின்னால் இருந்தால் நூலகரைக் கேளுங்கள். கூகுள் ஸ்காலரில் அதே தலைப்பின் மற்றப் பிரதிகளைப் பாருங்கள், ஆசிரியரே இலவசமாக ஏற்றி வைத்திருக்கலாம். கட்டுரையின் முதல் பக்கத்தில் தொடர்புக்கான மின்னஞ்சல் இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். எதுவுமே நடக்கவில்லை, ஆனால் அந்தச் செய்தி வேண்டும் என்றால், நீங்கள் உண்மையில் படித்த கட்டுரையைப் பட்டியலில் வைத்து, உரைக்குள் 'இன்னார், இவருடைய கட்டுரையில் எடுத்தாளப்பட்டபடி' என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பலரின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீள்பார்வைக் கட்டுரையை எப்போது காட்டுவது என்றும் குழப்பம் வரும். 'இந்தத் துறையில் இருபது ஆண்டுகளாக இப்படி இப்படி நடந்திருக்கிறது' என்று பின்னணி சொல்ல மீள்பார்வை போதும். குறிப்பிட்ட ஓர் எண்ணையோ கண்டுபிடிப்பையோ சொன்னால், அதைக் கண்டவருக்கே அந்த இடம் சேர வேண்டும்.

முகவரியின் பகுதிகள்

ஆசிரியர்கள், ஆண்டு, கட்டுரைத் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி எண், இதழ் எண், பக்கங்கள், டிஓஐ. இந்த எட்டும் கையில் இருந்தால் எந்தப் பாணியிலும் எழுதிவிடலாம். ஓர் உண்மையான கட்டுரையை எடுத்துக்கொள்வோம். ராமன் விளைவை உலகுக்கு அறிவித்த 1928ஆம் ஆண்டுக் குறிப்பு, ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) வகுத்த பாணியில் இப்படி வரும்:

ராமன், சி. வி., & கிருஷ்ணன், கே. எஸ். (1928). எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர், 121(3048), 501–502.

குறியீடுகள் எங்கே விழுகின்றன என்று தெரிவதற்காகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் ஆங்கிலக் கட்டுரையை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தலைப்பை மொழிபெயர்க்க வேண்டாம். வாசகர் அந்தத் தலைப்பை வைத்துத்தான் தேடுவார்.

121 என்பது தொகுதி. அடைப்புக்குள் இருக்கும் 3048 இதழ் எண். அடுத்து வருவது தொடக்கப் பக்கமும் முடிவுப் பக்கமும். ஏபிஏவில் இதழின் பெயரும் தொகுதி எண்ணும் சாய்வெழுத்தில் வரும், இதழ் எண் சாயாது. கட்டுரைத் தலைப்பில் முதல் சொல்லுக்கும், துணைத்தலைப்பின் முதல் சொல்லுக்கும், சிறப்புப் பெயர்களுக்கும் மட்டும் ஆங்கிலப் பெரிய எழுத்து. இதழின் பெயரில் முக்கியச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பெரிய எழுத்து. புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பக்க எண்ணில் ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் மட்டும் வரும் பல இதழ்களில் தொடர் பக்க எண் கிடையாது. பிடிஎஃப்பின் அடியில் '12இல் 1' என்பது போல இருக்கும். அதைப் பார்த்து 1–12 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இதழின் ஒவ்வொரு கட்டுரையும் 1இல்தான் தொடங்கும் என்பதால் அந்த எண்ணால் பயனில்லை. 'பிளாஸ் ஒன்' போன்ற இதழ்கள் பக்கத்துக்குப் பதிலாகக் கட்டுரை எண் தருகின்றன. அதைத்தான் எழுத வேண்டும்.

ஆண்டிலும் கவனம் வேண்டும். டிசம்பரில் இணையத்தில் முன்கூட்டியே ஏறிய கட்டுரை, அடுத்த ஆண்டுத் தொகுதியில் சேர்ந்திருக்கும். தொகுதி எண் கிடைத்துவிட்டது என்றால் அந்தத் தொகுதியின் ஆண்டையே போடுங்கள்.

இனி டிஓஐ. கட்டுரைக்குத் தரப்படும் நிலையான அடையாள எண் இது. பதிப்பகம் தன் இணையதளத்தையே மாற்றினாலும், எண்ணுக்குரிய முகவரியைப் பதிப்பகம் பதிவேட்டில் புதுப்பித்துவிட்டால் போதும், பழைய இணைப்பு புதிய இடத்துக்குப் போய்ச் சேரும். எல்லா டிஓஐயும் 10 என்ற எண்ணிலும் ஒரு புள்ளியிலும் தொடங்கும். சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது பதிவு செய்தவருக்குரிய எண், பின்னால் இருப்பது கட்டுரைக்குரியது. ராமன் குறிப்பின் டிஓஐ 10.1038 என்று தொடங்கும். சாய்கோட்டுக்குப் பின் 121501c0 என்று வரும். உற்றுப் பார்த்தால் தொகுதி 121, பக்கம் 501 இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன. ஆனால் இது பழைய நேச்சர் கட்டுரைகளின் வழக்கம். எல்லா டிஓஐயிலும் இப்படிப் பொருள் தேடாதீர்கள், ஊகித்து எழுதவும் செய்யாதீர்கள். எப்போதும் நகலெடுத்து ஒட்டுங்கள். ஏபிஏவில் டிஓஐ.ஆர்க் என்ற முகவரியோடு சேர்த்து முழு இணைப்பாகத் தர வேண்டும், கடைசியில் முற்றுப்புள்ளி வைக்கக் கூடாது.

எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் கட்டுரையில், ஒரு மேற்கோளின் விவரத்தை இன்னொருவரின் பட்டியலிலிருந்து எடுத்திருந்தேன். அவர் தொகுதி எண்ணில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றியிருந்தார். இதழுக்காக என் கட்டுரையைச் சரிபார்த்த மதிப்பாய்வாளர் போய்ப் பார்த்துவிட்டு, 'அந்தப் பக்கத்தில் இருப்பது வேறு கட்டுரை, நீங்கள் இதைப் படித்தீர்களா?' என்று கேட்டிருந்தார். நான் படித்திருந்தேன். ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் இருந்தது தவறான முகவரி. அன்றிலிருந்து விவரங்களைக் கட்டுரையின் முதல் பக்கத்திலிருந்தோ பதிப்பகத்தின் பக்கத்திலிருந்தோ மட்டுமே எடுக்கிறேன்.

பெயர்கள்

பட்டியலில் குடும்பப் பெயர் முன்னால் வரும் என்பது விதி. ஆனால் எது குடும்பப் பெயர்? தலைப்பெழுத்துப் போடும் நம் வழக்கத்தில் சிக்கல் குறைவு. சி. வி. ராமன் என்றால் 'ராமன், சி. வி.' என்று தானாகவே அமைந்துவிடும். தந்தை பெயரைப் பின்னால் சேர்த்து எழுதுகிறவர்களிடம் அந்தத் தந்தை பெயர்தான் குடும்பப் பெயராகப் பதிவாகியிருக்கும். அதை நாம் திருத்தப் போகக் கூடாது. சீனப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலிலேயே வரும். 2015இல் மருத்துவ நோபல் பெற்ற டு யூயூவுக்கு 'டு' என்பதே குடும்பப் பெயர். நரம்பியலின் முன்னோடி சாந்தியாகோ ரமோன் இ கஹாலுக்கோ 'ரமோன் இ கஹால்' முழுவதும் குடும்பப் பெயர். வெறும் 'கஹால்' என்று பட்டியலில் வைத்தால் தவறான எழுத்தின் கீழ்ப் போய்விடும். குழப்பமாக இருந்தால், பதிப்பகத்தின் பக்கத்தில் 'இந்தக் கட்டுரையை மேற்கோள் காட்ட' என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். அதில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள்.

எந்தப் பாணி?

உங்கள் விருப்பத்துக்கு இதில் வேலை இல்லை. இதழின் 'ஆசிரியர்களுக்கான வழிமுறை' பக்கமோ உங்கள் துறையின் ஆய்வேட்டு விதிகளோ என்ன சொல்கின்றனவோ அதுதான். பெரிய பிரிவுகள் இரண்டு. ஆசிரியர், ஆண்டு இரண்டையும் உரைக்குள் தருவது ஒன்று. ஏபிஏவும் ஹார்வர்டும் இதில் சேரும். உரைக்குள் எண் மட்டும் போட்டு, அந்த வரிசையிலேயே பட்டியல் தருவது மற்றொன்று. மருத்துவ இதழ்களின் வான்கூவர் பாணியும் பொறியியலின் ஐஇஇஇ பாணியும் இந்த வகை. வான்கூவரில் அதே ராமன் குறிப்பு இப்படி மாறும்:

ராமன் சிவி, கிருஷ்ணன் கேஎஸ். எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். நேச்சர். 1928;121(3048):501-2.

விவரம் ஒன்றுதான், உடுப்பு வேறு. பெயர்களில் புள்ளி போய்விட்டது, ஆண்டு பின்னால் நகர்ந்தது, 502இல் மாறிய இலக்கம் மட்டும் நிற்கிறது. நீளமான இதழ்ப் பெயர்களை இந்தப் பாணியில் சுருக்க வேண்டும். சுருக்கத்தை நீங்களே உண்டாக்காமல், அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் பார்த்து எழுதுங்கள். 'நேச்சர்' போன்ற ஒற்றைச் சொல் பெயர்கள் சுருங்காது.

ஆசிரியர் பலராக இருந்தால்: ஏபிஏவின் ஏழாம் பதிப்பில் மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் உரைக்குள் முதல் பெயரும் 'மற்றும் பிறர்' என்பதும் போதும். பட்டியலில் இருபது பேர் வரை எல்லாரையும் எழுத வேண்டும். வான்கூவரில் பொதுவாக முதல் ஆறு பேர், அப்புறம் 'மற்றும் பிறர்'.

எந்தப் பாணியாக இருந்தாலும், வரைவு எழுதும்போது ஆசிரியர் பெயரும் ஆண்டுமாகவே எழுதிக்கொண்டு போங்கள். எண்களாகப் போட்டால், ஒரு பத்தியை இடம் மாற்றியதும் 7 எது, 12 எது என்று தடுமாறிவிடும்.

உரைக்குள் எங்கே வைப்பது?

பட்டியலைவிட இது முக்கியம் என்பது என் கருத்து. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்:

'ஒளிச்சிதறல் குறித்தும் அதன் மருத்துவப் பயன்கள் குறித்தும் பல ஆய்வுகள் நடந்துள்ளன (ராமன், கிருஷ்ணன், 1928).'

அந்தக் குறிப்பில் மருத்துவப் பயன் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 'பல ஆய்வுகள்' என்பதற்கு ஒரே ஒரு கட்டுரை சான்றாகாது. வாக்கியமும் எதையும் சொல்லவில்லை. இப்படி மாற்றலாம்:

'ராமனும் கிருஷ்ணனும் (1928) சுமார் 60 திரவங்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் கூடவோ குறையவோ இந்த விளைவைக் கண்டார்கள்.'

இப்போது யார், எதை, எத்தனையில், என்ன கண்டார்கள் என்பதெல்லாம் தெரிகிறது. மூலத்தைத் திறந்தால் உடனே சரிபார்த்துவிடலாம்.

ஒரே வாக்கியத்தில் இரண்டு செய்தி இருந்தால் மேற்கோளைக் கடைசியில் மொத்தமாகக் குவிக்காதீர்கள். 'இந்த மருந்து இரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது [4], நீண்ட நாள் எடுத்தால் சிறுநீரகத்தைப் பாதிக்கிறது [5, 6]' என்று அந்தந்தக் கூற்றை ஒட்டியே வையுங்கள்.

வினைச்சொல்லையும் எடைபோடுங்கள். மூலம் 'தொடர்பு தெரிகிறது' என்று சொல்லியிருக்க, நாம் 'காரணமாகிறது' என்று எழுதினால் மேற்கோள் பொய்யாகிவிடும். எலியில் கண்டதை எலியில் என்றே சொல்ல வேண்டும். முப்பது பேரிடம் கண்டது என்றால் அந்த முப்பதும் வாக்கியத்தில் வரட்டும். உங்கள் முடிவுக்கு எதிரான நல்ல ஆய்வு ஒன்று கண்ணில் பட்டால் அதையும் சேருங்கள். அதை ஒளித்து வைத்தால் மதிப்பாய்வாளர் கண்டுபிடித்துக் கேட்பார், அப்போது சொல்லப் பதில் இருக்காது.

திரும்பப் பெறப்பட்டவையும் முன்பதிப்புகளும்

எம்எம்ஆர் தடுப்பூசியை ஆட்டிசத்தோடு இணைத்துப் பேச வைத்த வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் 'லான்செட்' இதழில் வந்தது. அதை இதழ் முழுமையாகத் திரும்பப் பெற்றது 2010இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். உங்கள் கணினியில் முன்பே இறக்கி வைத்த பிடிஎஃப்புக்கு இப்படிப்பட்ட செய்தி வந்து சேராது. அதனால் கட்டுரையை அனுப்பும் முன் ஒவ்வொன்றின் பதிப்பகப் பக்கத்தையும் மறுபடி திறந்து, திரும்பப் பெற்ற அறிவிப்போ திருத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள். உயிரியல், மருத்துவக் கட்டுரைகளுக்கு பப்மெட் தளமும் எச்சரிக்கை காட்டும். அந்தச் சம்பவத்தைப் பற்றியே எழுதும்போது இப்படிப்பட்ட கட்டுரையைச் சுட்டலாம், ஆனால் 'திரும்பப் பெறப்பட்டது' என்று உரையிலும் பட்டியலிலும் குறிக்க வேண்டும்.

ஆர்க்கைவ், பயோஆர்க்கைவ், மெட்ஆர்க்கைவ் தளங்களில் இருப்பவை மதிப்பாய்வுக்கு முந்தைய முன்பதிப்புகள். அவற்றைச் சுட்டுவதில் தவறில்லை, முன்பதிப்பு என்று சொல்லிவிட வேண்டும். பின்னர் இதழில் வந்துவிட்டது என்றால் இதழ் வடிவத்தைச் சுட்டுங்கள். அதற்கு முன் உங்களுக்கு வேண்டிய எண் அந்த வடிவத்திலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். மதிப்பாய்வில் எண்கள் மாறுவது உண்டு.

மென்பொருள்

இருபது மேற்கோளைத் தாண்டினால் கையால் செய்யாதீர்கள். ஸோட்டெரோ இலவசம், திறந்த மூலம். டிஓஐயைக் கொடுத்தால் விவரங்களை இழுத்துக்கொள்ளும், பாணியை ஒரு சொடுக்கில் மாற்றும், சேமித்த கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் எச்சரிக்கவும் செய்யும். மென்டலி, எண்ட்நோட் ஆகியவையும் இருக்கின்றன. லேட்டெக்கில் எழுதுகிறவர்களுக்கு பிப்டெக் உண்டு. எதைப் பயன்படுத்தினாலும், உள்ளே வந்த விவரத்தை அன்றே ஒருமுறை சரிபாருங்கள். தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தாக வந்திருக்கும், பெயரின் முன்பின் மாறியிருக்கும், இதழ் எண் விடுபட்டிருக்கும். மென்பொருள் அழகாக அடுக்கித் தரும், தவறையும் அதே அழகோடு அடுக்கும்.

அனுப்பும் முன்

உரையை மேலிருந்து கீழாகப் படித்து, வரும் ஒவ்வொரு மேற்கோளையும் பட்டியலில் டிக் செய்யுங்கள். டிக் விழாத வரி பட்டியலில் இருந்தால் அது உரையில் எங்கும் பயன்படவில்லை, எடுத்துவிடுங்கள். உரையில் இருந்து பட்டியலில் இல்லாதது இருந்தால் சேருங்கள். அடுத்து எல்லா டிஓஐயையும் ஒவ்வொன்றாகச் சொடுக்கி, திறக்கும் பக்கத்தின் தலைப்பும் உங்கள் வரியில் உள்ள தலைப்பும் ஒன்றா என்று பாருங்கள். கடைசியாக, உங்கள் வாதத்தைத் தாங்கும் ஐந்தாறு மேற்கோள்களின் மூலத்தைத் திறந்து, நீங்கள் எழுதிய வாக்கியத்தையும் மூலத்தின் வாக்கியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இந்த வேலையைக் கெடு நாளுக்கு முந்தைய இரவுக்கு ஒதுக்காதீர்கள். தவறான ஒன்று அகப்பட்டால் சரியான மூலத்தைத் தேடி, படித்து, வாக்கியத்தை மாற்ற இரண்டு மூன்று நாளாவது கையில் இருக்க வேண்டும்.